சொட்டும் நீருக்குக் காசு கேட்காத ஏசி பட்டறை

பாடி மேம்பாலத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு குறுகலான தெருவில், கார் ஏசி வேலைகளை மட்டும் பார்க்கும் பட்டறை ஒன்று உள்ளது. கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை அங்கே சென்றிருக்கிறேன். மூன்று முறையும் என்னை அங்கே கொண்டு சென்றது ஏதோ ஒரு வகையில் தண்ணீர்தான். பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். "இருக்கிற வண்டிக்கே ஆள் பத்தல சார், நீங்க எழுதி இன்னும் பத்து வண்டி வந்து நின்னா நான் எங்க போவேன்" என்பது அவருடைய கவலை. பெயர் இல்லாத மதிப்புரையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அவர் என் காரில் செய்த சோதனைகளில் பெரும்பாலானவற்றை எந்த ஊரிலும் எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுச் செய்யச் சொல்லலாம், சிலவற்றை வீட்டு வாசலில் நாமே செய்து பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

அங்கு வரும் ஓட்டுநர்கள் எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன்.

எட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய காரைச் சித்திரை மாதத்தில் வாங்கினேன். அதற்கு முன் என்னிடம் இருந்தது இருசக்கர வாகனம் மட்டுமே என்பதால், காரின் அடியில் என்ன இருக்கும், என்ன இருக்கக் கூடாது என்ற அறிவு எனக்கு அறவே இல்லை. மே மாதத்தில் ஒரு நாள் மாலை, ஸ்ரீபெரும்புதூர் வரை சென்று திரும்பி, குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்த பத்தாவது நிமிடத்தில் காவலாளி தொலைபேசியில் அழைத்தார். வண்டியிலிருந்து ஏதோ ஊற்றுகிறது என்றார். கீழே போய்ப் பார்த்தால், இடது முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர் தேங்கி, மெல்லிய கோடாக வடிகால் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற முடிவுக்கு அந்த இடத்திலேயே வந்துவிட்டேன்.

மறுநாள் வீட்டுக்கு அருகிலுள்ள, எல்லா நிறுவனக் கார்களையும் பழுது பார்க்கும் பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குச் சென்றேன். குளிரூட்டப்பட்ட காத்திருப்பு அறை, காபி இயந்திரம், கையில் டேப்லெட்டுடன் வரும் இளைஞர் என்று எல்லாம் ஒழுங்காக இருந்த அந்த நிலையத்தில், கூலிங் காயில் லீக் ஆவதால்தான் தண்ணீர் சொட்டுகிறது என்றும், டாஷ்போர்டை முழுவதும் இறக்கி, காயிலையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றி, புதிதாக காஸ் நிரப்ப வேண்டும் என்றும், கூலியுடன் சேர்த்து 14,800 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். யாரும் காரின் அடியில் குனிந்து பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே பதிவு செய்துகொண்டு, அதிலிருந்தே மதிப்பீடு தயாரித்துவிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, வாடகைக் கார் ஓட்டும் என் மைத்துனரை அழைத்தேன். அவர் சிரித்துவிட்டு இந்தப் பட்டறையின் வழியைச் சொன்னார்.

மாஸ்டர் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஏசியை முழு வேகத்தில் ஓடவிடச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளை அட்டையைக் காரின் அடியில் தள்ளினார். கால் மணி நேரம் வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி வந்து அட்டையை இழுத்து வெளியே எடுத்தார். அட்டை நனைந்திருந்தது, ஆனால் கறை ஏதும் படியவில்லை. ஈரத்தில் விரலை வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என்னையும் அதேபோலச் செய்யச் சொன்னார். வழுவழுப்பு இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. "எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட்டா இருந்தா பச்சையாவோ ரோஸாவோ இருக்கும், கையில பிசுபிசுக்கும், இனிப்பா ஒரு வாடை வரும். ஆயிலா இருந்தா அட்டையில கறை நிக்கும். பிரேக் ஆயிலுன்னா வழுக்கும், அது சொட்டுச்சுன்னா வண்டியை எடுக்கவே கூடாது. இது எதுவுமே இல்ல சார். இது வண்டி தண்ணியே இல்ல, காத்துல இருந்த தண்ணி" என்றார். என்னுடைய ஐயம் முழுவதும் தீரவில்லை என்பதை முகத்திலிருந்து படித்துவிட்டார் போலும். பாதியாக அறுத்த பேட்டரி வாட்டர் கேன் ஒன்றைச் சொட்டும் இடத்துக்கு நேராக வைத்து, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் நிலையில் ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டார். ஏறத்தாழ கால் லிட்டர் சேர்ந்தது. பிறகு உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்தச் சொன்னார். சிறிது நேரத்தில், விடாமல் விழுந்துகொண்டிருந்த சொட்டுகளுக்கு இடையே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. ஓட்டை விழுந்த குழாயாக இருந்தால், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தா ஒழுகும்?

இதற்குப் பின்னால் உள்ள கணக்கை வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். 35 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் அந்தக் காற்றை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால், அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரம் 9 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மீதி 14 கிராமுக்கு மேல் காயிலின் அலுமினியத் தகடுகளில் நீர்த்துளியாகப் படிந்தாக வேண்டும். புளோவர் ஒரு மணி நேரத்தில் நூறு கன மீட்டர் வெளிக்காற்றை இழுத்தாலே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் காயிலுக்குக் கீழே உள்ள தட்டில் சேர்ந்து, எஞ்சின் பகுதியையும் உட்பகுதியையும் பிரிக்கும் தகட்டின் வழியே செல்லும் ஒரு ரப்பர் குழாயால் தரையில் விழுகிறது. நம் ஊர்க் கார்களில் அது பெரும்பாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே இருக்கும். உள்காற்றைச் சுழற்றும்போது ஏற்கெனவே ஈரம் நீக்கப்பட்ட காற்றே திரும்பத் திரும்பக் காயிலுக்கு வருவதால் சொட்டுவது குறைகிறது. மார்ச் மாதத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் போயிருந்தபோது நாள் முழுக்க ஏசி ஓடியும் நிறுத்திய இடத்தில் பெயருக்குத்தான் ஈரம் இருந்தது. கடலோரக் காற்றின் கொடை அங்கே இல்லை.

ஏசி என்ற கருவி முதலில் உருவானதே ஈரத்தை எடுப்பதற்காகத்தான் என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் அவதிப்பட்ட ஓர் அச்சகத்துக்காகவே வில்லிஸ் கேரியர் தம் முதல் அமைப்பை வடிவமைத்தார். சிவகாசிக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை; அச்சுத்தொழில் அங்கே வேரூன்றியதற்கு அவ்வூரின் வறண்ட வானிலையும் ஒரு காரணம். மனிதர்களின் வியர்வை ஆறியதெல்லாம் பிறகு வந்த கதை.

மாஸ்டர் சொன்னவற்றில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. சர்வீஸ் நிலையத்தின் மதிப்பீட்டைக் காட்டியபோது, காயில் லீக் ஆனால் தண்ணீர் எப்படி வரும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். காயிலுக்குள் ஓடுவது தண்ணீர் அல்ல. என் காரில் உள்ளது ஆர்-134ஏ என்ற வாயு. திறந்த வெளியில் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால், கசிந்தால் தரையில் ஒரு சொட்டுக்கூட மிஞ்சாமல் காற்றோடு போய்விடும். அத்துடன் சுற்றிவரும், காஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் ஆயில் மட்டும் கசிவிடத்தில் எண்ணெய்ப் பிசுக்காகத் தூசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதோடு குளிர்ச்சியும் குறையும். குளிர்ச்சி குறைந்தால் காற்றிலிருந்து பிரியும் நீரும் குறையும். ஆகவே நன்றாகத் தண்ணீர் சொட்டுகிறது என்பதையே காயில் கெட்டதற்குச் சான்றாகக் காட்டுவது, நாடி நன்றாகத் துடிக்கிறது, எனவே நோயாளிக்கு ஆபத்து என்று சொல்வதைப் போன்றது. இதை அந்த நிலையம் அறியாமல் சொன்னதா அறிந்தே சொன்னதா என்று நான் தீர்ப்பளிக்க விரும்பவில்லை. குனிந்து பாராமலே சொன்னது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால், கேஜை மாட்டி அழுத்தத்தைப் பார்த்தார். தாழ்வழுத்தப் பக்கம் 35 பி.எஸ்.ஐ., உயரழுத்தப் பக்கம் 210. இந்த வெயிலுக்கு இது சரியான அளவு என்று சொல்லிவிட்டு, கேஜ் போட்டதற்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். தண்ணீருக்கு ஒன்றுமில்லை என்றார். புறப்படும்போது, சொட்டினால் வர வேண்டாம், சொட்டுவது நின்றால் வாருங்கள் என்றும் சொன்னார். அதை நான் அவருடைய வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

மறு ஆண்டு செப்டம்பரில் அது வேடிக்கை இல்லை என்று தெரிந்தது. ஒரு வாரமாகக் காரின் அடியில் தரை காய்ந்தே கிடந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் முறையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய முறையீட்டைக் காரே ஏற்றுக்கொண்டதுபோல எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பிறகு, பிரேக் போடும்போதெல்லாம் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து, பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கி நடக்கும்போது கேட்பது போன்ற தளும்பும் ஓசை வரத் தொடங்கியது. அண்ணா நகர் ரவுண்டானாவில் வண்டியைத் திருப்பியபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி காலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டார். டாஷ்போர்டின் அடியிலிருந்து சில்லென்ற தண்ணீர் அவருடைய பாதத்தில் கொட்டியிருந்தது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் கீழே உள்ள கார்ப்பெட் சேறாக ஊறிக் கிடந்தது. பூட்டிக் கிடந்த அலமாரியில் மறந்துபோன ஈரத்துணியின் நாற்றம் வந்தது.

இந்த முறை மாஸ்டர் கார்ப்பெட்டைப் பிழிந்து முகர்ந்து பார்த்தார், முன்கண்ணாடியின் உட்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தும் பார்த்தார். உள்ளே தண்ணீர் வந்தாலே வடிகால் அடைப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாதாம். சூடு தரும் ஹீட்டர் காயில் ஓட்டையானாலும் அதே இடம்தான் நனையும். ஆனால் அப்போது வருவது கூலண்ட் என்பதால் இனிப்பு வாடை இருக்கும், கண்ணாடியில் எண்ணெய் பூசியதுபோல மங்கல் படியும், எஞ்சினின் கூலண்ட் டப்பாவில் அளவும் குறையும். மூன்றும் இல்லை என்று பார்த்த பிறகே காரைப் பள்ளத்தின் மேல் ஏற்றினார். கீழே இறங்கியவர் என்னையும் இறங்கி வரச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில், கட்டைவிரல் பருமனில் வளைந்த ஒரு கறுப்பு ரப்பர் முனை தெரிந்தது. அதன் வாயில் ஈரமில்லை. அதைக் கழற்றி, மெல்லிய நைலான் கம்பி ஒன்றை உள்ளே விட்டு மெதுவாகத் திருகித் திருகி ஆட்டினார். முதலில் கறுப்புக் களிம்பு கொஞ்சம் பிதுங்கியது. அடுத்த நொடியில், அவர் தலையை விலக்கிக்கொள்ளவும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கவும் சரியாக இருந்தது. பள்ளத்தில் விழுந்த கசடைக் குச்சியால் கிளறிக் காட்டினார். மக்கிப்போன வேப்பம் பூ, இலைக்காம்பு, தூசி எல்லாம் ஒன்றாகப் பிசைந்த களியாக இருந்தது.

வேப்பம் பூ அங்கே எப்படிப் போயிற்று என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. அலுவலகத்தில் என் வண்டி நாள் முழுவதும் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாகத்தான் ஏசிக்கு வெளிக்காற்று போகிறது. அங்கே விழும் பூவையும் தூசியையும் ஏசி ஃபில்டர் தடுத்திருக்க வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் சிறு பெட்டியை இறக்கிப் பார்த்தபோது, ஃபில்டர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எனக்கு விற்றவரோ அவருக்கு முன் வைத்திருந்தவரோ, அழுக்கான ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடாமல் விட்டிருக்கிறார். அத்தனை நாளும் காற்றிலிருந்த குப்பை முழுவதையும் ஈரக் காயில் பிடித்துக்கொண்டு, அதன் மேல் வழியும் நீர் கழுவி வடிகாலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அடைப்பை எடுத்ததோடு நிறுத்தியிருந்தால் நான்கே மாதத்தில் மறுபடி அடைத்திருக்கும். 380 ரூபாய் ஃபில்டர் ஒன்றில் தொடங்கிய கோளாறு இது.

அடைப்பெடுக்கக் கம்ப்ரசர் காற்றை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டேன். பக்கத்திலேயே டயருக்குக் காற்றடிக்கும் குழாய் கிடந்தது. கீழிருந்து அதிக அழுத்தத்தில் காற்றை அடித்தால், தேங்கிய அழுக்குத் தண்ணீர் மேலே பாய்ந்து புளோவரையும் அதன் வயர்களையும் நனைத்துவிடும், உள்ளே குழாய் கழன்றுகொண்டால் டாஷ்போர்டை இறக்கியே தீர வேண்டும் என்றார். அப்படிக் கழன்று வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறாராம். காயிலின் மேல் நுரை மருந்து அடித்து, அது கரைந்து புதிதாகத் திறந்த வடிகால் வழியே கறுப்பாக இறங்குவதைக் காட்டினார். நறுமண ஸ்பிரே அடிக்கட்டுமா என்று உதவியாளர் கேட்டதற்கு, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவன்தான் செண்ட் அடிப்பான் என்று கடிந்துகொண்டார். வடிகால் சுத்தம் செய்ததற்கு 400, ஃபில்டருக்கு 380, நுரை மருந்தும் கூலியும் 600 என மொத்தம் 1,380 ரூபாய் ஆயிற்று.

இனி குறைகளைச் சொல்ல வேண்டும், அவையும் இந்த இரண்டாம் முறையில்தான் நேர்ந்தன. கார்ப்பெட்டை மேலோட்டமாக வாக்கூம் வைத்து உறிஞ்சிவிட்டு, இரண்டு நாள் வெயிலில் கதவைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சரியாகவில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் விரல் பருமனில் ஒரு பஞ்சுப் படுகை இருக்கிறது. மேலே கை வைத்தால் காய்ந்ததுபோலத் தோன்றினாலும், அது ஊறிய கடற்பஞ்சு போலத் தண்ணீரை வைத்துக்கொண்டே இருக்கும். நான்காம் நாள் நாற்றம் முன்பைவிடக் கடுமையாயிற்று. அந்தப் படுகைக்குக் கீழேதான் சில வயர் இணைப்புகளும் செல்கின்றன என்பதால், இது மூக்கைப் பொத்திக்கொண்டு விட்டுவிடக்கூடிய காரியமும் அல்ல. மறுபடி எடுத்துச் சென்றபோது மாஸ்டர் மறுப்புச் சொல்லாமல் இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டை உயர்த்தி, அடியில் மின்விசிறியை வைத்து ஒரு முழு நாள் காய வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், அல்லது செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லவாவது செய்திருக்க வேண்டும். அன்றே இன்னொன்றையும் கவனித்தேன். புதிய ஃபில்டரின் விளிம்பில் காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது. உதவியாளர் அதைத் தலைகீழாகச் செருகியிருந்தார். சுட்டிக்காட்டியதும் திருப்பிப் போட்டார்கள். சின்ன விஷயம்தான். ஆயினும் வேலை முடிந்து கிளம்பும் முன் அந்த அம்புக்குறியைப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாம் முறை சென்றது இந்த ஏப்ரலில். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியதும் காற்று வருவது குறைந்து, குளிர்ச்சியும் போய்விடும். ஏசியை அணைத்துவிட்டுத் தேநீர்க் கடையில் நிறுத்தினால், வழக்கமாகச் சொட்டும் இடத்தில் சொம்பைக் கவிழ்த்ததுபோலத் தண்ணீர் கொட்டும். பிறகு அரை மணி நேரம் எல்லாம் நன்றாக இருக்கும். நண்பர்கள் அனைவரும் ஒரே குரலில் காஸ் குறைந்துவிட்டது என்றார்கள். மாஸ்டரோ, தண்ணீர் எப்போது கொட்டுகிறது என்ற ஒன்றை மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டு, காயில் பனிக்கட்டியாக உறைகிறது என்றார். காயிலின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்த ஒரு சிறு சென்சார் இருக்கிறது. அது தவறாகக் காட்டினால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், வழிய வேண்டிய நீர் தகடுகளுக்கு இடையே உறைந்து காற்றின் வழியை அடைத்துவிடும், அணைத்ததும் உருகிக் கொட்டும். காஸ் குறைந்தாலும், ஃபில்டர் அடைத்தாலும் இப்படி உறையக்கூடும் என்பதால் கேஜையும் ஃபில்டரையும் பார்த்துவிட்டே சென்சாரில் கை வைத்தார். சென்சார் 650, கூலி 500. காஸ் பெட்ரோல் இல்லை, ஆண்டுதோறும் தீர்ந்துபோவதற்கு. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமல் நிரப்பினால் காசும் காஸோடு போகும் என்று அவர் சொன்னதை, ஒவ்வொரு கோடையிலும் காஸ் நிரப்பிக்கொள்ளும் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இன்னும் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்த மனிதரின் பட்டறையில், பழைய காஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் இல்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். அன்று பக்கத்தில் நின்ற வேறொரு வண்டிக்குக் குழாயைக் கழற்ற வேண்டியிருந்தது. வால்வை அழுத்தி, இருந்த காஸ் முழுவதையும் உஸ்ஸென்று காற்றில் விட்டார்கள். ஆர்-134ஏ ஓசோன் படலத்துக்குக் கேடு செய்வதில்லை என்றாலும், புவியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,430 மடங்கு வலியது. சிறிய காரில் இருக்கும் 450 கிராம் காஸ், 640 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். இயந்திரத்தின் விலையைச் சொல்லி மாஸ்டர் கைவிரித்தார். அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் இதை எழுதாமல் விட்டால் மதிப்புரை முழுமையாகாது. பெரிய நிலையங்களில் இந்த இயந்திரம் இருக்கும் இடங்கள் உள்ளன. காயில், கம்ப்ரசர், கண்டென்சர் என்று காஸை வெளியேற்றியே தீர வேண்டிய வேலை என் காருக்கு வந்தால், இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அங்கே போவேன். வடிகால், ஃபில்டர், சென்சார், கசிவு சோதனை ஆகியவற்றுக்கு மாஸ்டரிடமே வருவேன்.

வசதிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உட்காரப் பழைய கார் இருக்கை ஒன்று கிடக்கிறது. அதிலும் பெரும்பாலும் யாராவது ஓட்டுநர் உறங்கிக்கொண்டிருப்பார். கேட்டால்தான் பில் தருகிறார், அதுவும் கையால் எழுதியது. ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் போனால் அன்று வேலை முடியும் என்று நம்பக் கூடாது. தொலைபேசியில் முன்பதிவு செய்ய முடியாது. எடுத்தாலும், வண்டியைக் கொண்டு வாங்க, பார்த்துச் சொல்கிறேன் என்ற ஒரே பதில்தான் வரும். முதலில் இது எனக்கு அலட்சியமாகத் தோன்றியது. பாராமலே 14,800 என்று கேட்டவர்களை நினைத்த பிறகு அந்தப் பதிலின்மேல் ஒரு மரியாதை வந்தது.

உத்தரவாதக் காலம் முடியாத புதிய காராக இருந்தால், வெளியே எங்கும் கழற்ற விடாமல் விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டு செல்ல வேண்டும். வடிகால் அடைப்பு என்று சந்தேகித்தால் அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும், ஏனெனில் ஏசியைப் பாருங்கள் என்று பொதுவாகச் சொன்னால் காஸில் தொடங்கிவிடுவார்கள். மற்றவர்கள் எங்கே போனாலும், போகும் முன் ஒரு வெள்ளை அட்டையைக் காரின் அடியில் வைத்துப் பார்த்துவிடலாம்.

சொட்டும் தண்ணீரைப் பிடித்துப் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று எங்கள் காவலாளி கேட்டிருந்தார். ஆவியிலிருந்து வந்த நீர்தானே என்பது அவர் வாதம். மாஸ்டரிடம் கேட்டேன். காயிலின் தூசியும் அழுக்கும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் அது, பேட்டரிக்கு ஆகாது, செடிக்கு ஊற்றலாம் என்றார். இப்போது எங்கள் கீழ்த்தளத்தில் என் காரின் இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. காவலாளி காலையில் அதை எடுத்துப் போய் வாசலில் உள்ள செம்பருத்திக்கு ஊற்றுகிறார். செயலாளரும் கொசுவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டு காய்ந்து கிடந்தால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.